விடியலில் குன்றுகளைப் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலை அலையாக எழுந்து தாழும் குன்றுகள், அவற்றின் மேல் வயல்கள், எங்கோ ஒரு மரம், ஒரு வீடு, வளைந்து போகும் மண் பாதை. விடியற்காலையில் இப்படிப்பட்ட நிலத்தைப் படமெடுக்கப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பாலும் கேமரா வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மொபைலுக்கும் தனியாக ஒரு பதில் உண்டு.

சூரிய உதயத்தில் எடுத்தும் என் படத்தில் குன்றுகள் வெறும் கறுப்புப் பட்டையாகத்தான் வருகின்றன. ஏன்?

கேமரா சூரியனைப் பார்த்துக்கொண்டிருப்பதால்தான். உதயம் என்றதும் எல்லோரும் கிழக்கே திரும்பி நிற்கிறோம். அங்கிருந்து தெரிவது குன்றுகளின் நிழல் பக்கம் மட்டும். வானம் பிரமாதமாக வரும், நிலம் செத்துப்போகும்.

இந்தப் பதில்கள் எல்லாவற்றிலும் நான் வலியுறுத்தப் போவது ஒன்றைத்தான்: குன்றின் வடிவத்தைப் படத்துக்குள் கொண்டுவருவது நிழல். சுவருக்கு நேராக டார்ச் அடித்தால் சுவர் சமமாகத்தான் தெரியும்; சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், பூச்சில் உள்ள ஒவ்வொரு மேடும் பள்ளமும் துருத்திக்கொண்டு நிற்கும். காலை வெயில் நிலத்துக்குச் செய்வது அதைத்தான்.

கணக்காகவே பார்க்கலாம். சமதரையில் 10 மீட்டர் உயர மரம் ஒன்று நிற்கிறது. சூரியன் தொடுவானத்துக்கு மேல் 1 டிகிரியில் இருக்கும்போது அதன் நிழல் சுமார் 570 மீட்டர் நீளம். 3 டிகிரியில் 190 மீட்டர். 6 டிகிரியில் 95. சூரியன் 30 டிகிரி ஏறிவிட்டால் வெறும் 17 மீட்டர்தான். சரிவுக்கும் இதே கதை. 5 டிகிரி சரிவில் நடந்து போனால் ஏறுகிறோம் என்பதே அவ்வளவாக உறைக்காது. ஆனால் சூரியன் 3 டிகிரியில் இருந்தால் அந்தச் சரிவின் மறுபக்கம் முழுக்க நிழலுக்குள் போய்விடும். 8 டிகிரிக்கு வந்ததும் அங்கேயும் வெயில் பரவிவிடும், படத்தில் குன்றே காணாமல் போகும். செங்குத்தான பெரிய மலைகளைப் பகலில் பல நேரங்களில் எடுக்கலாம். தாழ்ந்த, மெல்லிய குன்றுகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

அப்படியானால் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும்?

சூரியன் உங்கள் தோளுக்கு நேராக, இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கட்டும். அதாவது கேமரா வடக்கையோ தெற்கையோ பார்க்கும். லென்ஸ் பார்க்கும் திசைக்கும் சூரியனுக்கும் இடையே 60 முதல் 90 டிகிரி இருந்தால் ஒவ்வொரு மேட்டின் ஒரு பக்கம் பொன்னாகவும் மறுபக்கம் நீலமாகவும் பிரிந்து தெரியும்.

எதிர்வெயிலில் எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. மூடுபனி இருந்தால், அல்லது முன்னால் பனி கோத்த புல்லோ கதிரோ இருந்தால், சூரியனைப் பார்த்து எடுப்பதுதான் அழகு. பனிக்குள் ஒளி சிதறி, ஒவ்வொரு மேட்டு விளிம்பும் தனித்தனியாகப் பிரியும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் நிலையைத்தான் நான் தவிர்ப்பேன். நிழலெல்லாம் பொருள்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நிறம் நன்றாக இருக்கும், வடிவம் இருக்காது.

அதற்கும் ஒரு விலக்கு உண்டு. சூரியன் எழுவதற்குக் கொஞ்சம் முன்னால், வானம் தெளிவாக இருந்தால், மேற்கே திரும்பிப் பாருங்கள். தொடுவானத்தை ஒட்டி நீலச்சாம்பலாக ஒரு பட்டை, அதன் மேல் இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை. கீழே இருப்பது வளிமண்டலத்தின் மேல் விழும் பூமியின் நிழல். மேலே உள்ள சிவப்பை ‘பெல்ட் ஆஃப் வீனஸ்’ என்பார்கள். சூரியன் ஏற ஏற அந்த நிழல் இறங்கி மறைந்துவிடும். எல்லோரும் கிழக்கையே பார்த்துக்கொண்டிருப்பதால் இதைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம்.

எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?

உதயத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே டிரைபாடை நட்டுவிடுங்கள். சூரியன் தொடுவானத்துக்கு 6 டிகிரி கீழே இருக்கும்போதே பொருள்களை அடையாளம் காணும் அளவுக்கு வெளிச்சம் வந்துவிடும். மேலே உயரத்தில் மேகம் இருந்தால் அதன் அடிப்பக்கம் சிவப்பதும் உதயத்துக்கு முன்னால்தான்.

உதயத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் என்பது நீங்கள் இருக்கும் அட்சரேகையைப் பொறுத்தது. நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறும். 4 நிமிடத்துக்கு 1 டிகிரி. 6 டிகிரியைத் தொட 24 நிமிடம்தான் ஆகும். 45 டிகிரி அட்சரேகையில் இரவும் பகலும் சமமாக இருக்கும் நாள்களிலேயே 34 நிமிடம் கிடைக்கும். கோடையிலும் குளிர்காலத்திலும் இன்னும் நீளும். நிலநடுக்கோட்டுப் பக்கம் எடுப்பவர்கள் அதனால் முந்தைய நாளே இடத்தைப் பார்த்து, ஃபிரேமை முடிவு செய்துவிட வேண்டும். காலையில் வந்து தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

செயலியில் காட்டும் உதய நேரத்துக்கு வெயிலே வரவில்லையே?

செயலி சொல்வது தடையில்லாத சமமான தொடுவானத்துக்கான நேரம். உங்களுக்குக் கிழக்கே 2 கிலோமீட்டர் தள்ளி, நீங்கள் நிற்கும் இடத்தைவிட 200 மீட்டர் உயரமான முகடு ஒன்று இருந்தால், அது கிட்டத்தட்ட 6 டிகிரியை மறைத்துவிடும். வெயில் அரைமணி நேரம் பிந்தி வரும். வரும்போது அந்தத் தாழ்ந்த, சாய்ந்த வெயில் தீர்ந்துபோயிருக்கும். இடம் பார்க்கும்போது மேற்கில் என்ன அழகு இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், கிழக்கில் என்ன மறைக்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு பக்கம், கொஞ்சம் உயரமான குன்றுகளில் இந்தத் தாமதமே உதவும். வெயில் முதலில் உச்சிகளைத் தொட்டு, பிறகு மெல்லச் சரிவில் இறங்கும். உச்சி மட்டும் ஒளிர்ந்து பள்ளமெல்லாம் நீல நிழலில் கிடக்கும் அந்தச் சில நிமிடங்களில் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருங்கள்.

போன முறை சூரியன் வந்த இடத்தில் இந்த முறை வரவில்லை. ஏன்?

சூரியன் சரியாகக் கிழக்கில் உதிப்பது மார்ச் 20, செப்டம்பர் 22 ஆகிய நாள்களை ஒட்டித்தான். நிலநடுக்கோட்டில் ஆண்டு முழுவதும் அது கிழக்கிலிருந்து இரு பக்கமும் சுமார் 23.5 டிகிரி நகரும். 45 டிகிரி அட்சரேகையில் இந்த நகர்வு இரு பக்கமும் 34 டிகிரி. ஜூனில் அருமையாகப் பக்கவெயில் விழுந்த பள்ளத்தாக்கில் டிசம்பரில் ஒன்றுமே இல்லாமல் போகலாம். போட்டோபில்ஸ் போன்ற செயலிகள் எந்தத் தேதிக்கும் உதயத் திசையை வரைபடத்தின் மேலேயே கோடு போட்டுக் காட்டிவிடும்.

எந்த லென்ஸ்?

டெலி லென்ஸ், அதாவது தூரத்தில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டுவது. 70–200 மி.மீ. இருந்தால் போதும், 100–400 இருந்தால் இன்னும் நல்லது. பரந்த பரப்பைக் காட்டும் வைட் ஆங்கிளில் எடுத்தால் முன்னால் உள்ள புல் பெரிதாகவும், கண்ணுக்கு அவ்வளவு கம்பீரமாகத் தெரிந்த குன்றுகள் நடுவில் ஒரு மெல்லிய கோடாகவும் வரும். தூரத்தில் இருந்துகொண்டு டெலியில் எடுக்கும்போது முன் குன்றுக்கும் பின் குன்றுக்கும் அளவு வித்தியாசம் குறைந்து, ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கியதுபோல் நெருங்கி நிற்கும். இது லென்ஸின் மாயம் இல்லை, நீங்கள் நிற்கும் தூரத்தால் வருவது. அந்தத் தூரக் காட்சியிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுக்க லென்ஸ் உதவுகிறது.

வானம் உண்மையிலேயே பற்றி எரியும் காலைகளுக்காக ஒரு வைட் லென்ஸும் பையில் இருக்கட்டும்.

கேமரா செட்டிங் என்ன வைப்பது?

ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8 அல்லது எஃப் 11, ஷட்டர் வேகம் எதுவாக வருகிறதோ அது. உதயத்துக்கு முன் சில விநாடிகள்கூட ஆகும், டிரைபாடில் இருப்பதால் கவலையில்லை. காற்றில் பயிர் அசைந்தால் மட்டும் ஐஎஸ்ஓவை 400, 800 என்று ஏற்றி ஷட்டரை வேகமாக்குங்கள். எஃப் 16-க்கு மேல் போனால் திறப்பு சிறிதாகி, அதன் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்ஷன்) படம் மழுங்க ஆரம்பிக்கும்.

கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபார்மட்டில் எடுங்கள். எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தின் அளவை, பிரகாசமான பகுதிக்குத் தகுந்தபடி வையுங்கள். ஒரு நுணுக்கம்: ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்சப் பரவலைக் கேமரா காட்டும் வரைபடம்) மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வெள்ளை வரைபடத்தை மட்டும் பார்க்காமல் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். விடியல் வானத்தில் சிவப்புதான் முதலில் வலது ஓரத்தில் முட்டும். மொத்த ஹிஸ்டோகிராம் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு போய்விட்டிருக்கும். பிறகு எடிட்டிங்கில் அந்த இடம் விவரமே இல்லாத ஆரஞ்சுத் திட்டாக நிற்கும்.

படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். ஆட்டோ அந்தப் பொன்னிறத்தைக் ‘குறை’ என்று நினைத்துத் திருத்தப் பார்க்கும். டேலைட், அதாவது 5200–5500 கெல்வினில் நிறுத்திவிடுங்கள். தாழ்ந்த சூரியனின் ஒளி 2000–3000 கெல்வின் பக்கம், நிழலில் விழும் நீலவானத்தின் ஒளி 7000-க்கும் மேல். நடுவில் நிறுத்தினால் வெயில் பொன்னாகவும் நிழல் நீலமாகவும் இயல்பாகவே பிரிந்து நிற்கும்.

வானத்துக்கும் நிலத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் ரொம்ப அதிகமாக இருந்தால் 2 ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரு மடங்காவது) மூன்று படங்கள் எடுத்து, பிறகு இணைத்துக்கொள்ளலாம். பக்கவெயிலில் எடுக்கும்போது பெரும்பாலும் இந்தத் தேவையே வராது.

மூடுபனி வருமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

உறுதியாக முடியாது, ஆனால் நன்றாகவே ஊகிக்கலாம். பள்ளத்தாக்கை நிரப்பும் பனி பெரும்பாலும் இரவில் தரை வெப்பத்தை இழப்பதால் உண்டாவது. அதற்கு மூன்று வேண்டும்: தரையில் ஈரம், இரவில் தெளிந்த வானம், ஏறக்குறைய அசையாத காற்று. முந்தைய நாள் மழை பெய்து, மாலையில் வானம் வெளுத்து, காற்று அடங்கிவிட்டது என்றால் அலாரம் வைத்துவிட்டுப் படுங்கள். வானிலைச் செயலிகளில் வெப்பநிலையோடு பனிப்புள்ளி என்று ஓர் எண் இருக்கும்; காற்றில் உள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை அது. அதிகாலைக்கான முன்னறிவிப்பில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி 2 டிகிரி செல்சியஸுக்குள் வந்தால் வாய்ப்பு அதிகம். இரவில் மேகம் போர்த்திக்கொண்டால் தரை குளிராது, பனி வராது. காற்று வேகமாக அடித்தாலும் அப்படியே.

குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் பனி அடியிலும் குன்றுகளின் தலை வெளியிலுமாகத் தெரிய, பனியின் மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். சரிவில் ஏறி இறங்க வழி உள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள். பனி மட்டம் எங்கே நிற்கிறது என்று வந்து பார்த்தால்தான் தெரியும்.

உதய நேரத்தில் பலரையும் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. வெயில் பட்டதும் பனி உடனே கலையாது. முதல் சூட்டில் காற்று லேசாகக் கிளறப்பட்டு, பனி சில நேரம் இன்னும் தடித்து மேலேறி உங்களையே மூடிவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்று கிளம்பிவிடாதீர்கள். பனி கிழியத் தொடங்கும்போது ஒரு மரத்தின் தலை, ஒரு கூரை, ஒரு முகடு என்று ஒவ்வொன்றாக வெளிவரும். என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே சிறந்த நேரம் அதுதான்.

பனி பிரகாசமானது என்பதால் வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை பிளஸ் 0.7 முதல் 1 ஸ்டாப் வரை கூட்டுங்கள்.

ஃபிரேமுக்குள் என்ன வைப்பது? எனக்கு எல்லாமே அழகாகத் தெரிகிறது, படத்தில் ஒன்றும் நிற்கவில்லை.

கண் போய் உட்கார ஓர் இடம் வேண்டும். ஒற்றை மரம், வீடு, வைக்கோல் போர், பாதையின் வளைவு, எதுவானாலும் சரி. அது சிறியதாக இருப்பது நல்லது. ஒரு சிறு வீடு இருந்தால்தான் குன்று எவ்வளவு பெரியது என்று பார்ப்பவருக்குப் புரியும். அந்த மரம் வெளிச்சமான சரிவின் முன்னால் கருமையாக நிற்கிறதா, அல்லது நிழல் சரிவின் முன்னால் ஒளிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் நல்லதே. வெளிச்சத்தின் முன் வெளிச்சமாக, நிழலின் முன் நிழலாக நின்றால் கரைந்துவிடும். இரண்டு அடி நகர்ந்தாலும் டெலி லென்ஸில் பின்னணி மாறும், ஆக டிரைபாடை நடுவதற்கு முன் வ்யூஃபைண்டரில் பார்த்தபடி கொஞ்சம் நடந்து பாருங்கள்.

உயரமும் முக்கியம். மிக உயரத்திலிருந்து பார்த்தால் நிலம் வரைபடம்போல் தட்டையாகும். மிகத் தாழ்ந்து நின்றால் முன் குன்று மற்றதையெல்லாம் மறைத்துவிடும். ஒவ்வொரு மடிப்புக்கும் இடையே கொஞ்சம் பள்ளம் எட்டிப்பார்க்கும் நடு உயரமே பெரும்பாலும் பொருந்தும்.

அப்புறம், வானம் வெறுமையாக இருந்தால் அதை ஃபிரேமில் வைக்கவே வேண்டாம். முழுப் படமும் நிலமாகவே இருக்கலாம். தயங்காமல் வெட்டுங்கள்.

மேகமே இல்லாத நாளில் போவது வீணா?

வானத்தை எடுக்கப் போகிறவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். நிலத்தை எடுக்கப் போகிறவருக்கு அது மிக நல்ல நாள். பக்கவெயில் தடையில்லாமல் விழும். முழு மூட்டமான நாளில்தான் எதுவும் கிடைக்காது. உயரத்தில் மெல்லிய மேகமும் கிழக்குத் தொடுவானத்தில் ஓர் இடைவெளியும் இருந்தால் வானம் நிறம் ஏறும். முந்தைய இரவில் செயற்கைக்கோள் படத்தில் கிழக்குப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டர் தேவையா?

பெரிதாக இல்லை. வானம் இருக்கும் படங்களுக்கு மென்மையான விளிம்புள்ள கிராஜுவேட்டட் ஃபில்டர் (மேல் பாதி கருமையாகவும் கீழ்ப் பாதி தெளிவாகவும் இருப்பது) உதவும். குன்றின் விளிம்பு நேர்கோடு இல்லை என்பதால் கூர்மையான விளிம்புள்ளது பொருந்தாது. சிதறிய ஒளியைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் சூரியனுக்கு 90 டிகிரியில் அதிகம் வேலை செய்யும், அதாவது பக்கவெயிலில் தூரத்து மங்கலைக் குறைக்கும். ஆனால் வைட் லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருத்துப்போகும்.

இருட்டில் ஃபோகஸ் எப்படி? படங்கள் லேசாக மசங்குகின்றனவே.

மேனுவல் ஃபோகஸுக்கு மாறி, லைவ் வ்யூவில் பெரிதாக்கி, தூரத்து விளக்கு அல்லது வானத்தின் பின்னணியில் நிற்கும் மரத்தின் விளிம்பில் ஃபோகஸ் செய்யுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 200 மி.மீ., எஃப் 11 என்றால் சுமார் 120 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் 60 மீட்டரிலிருந்து முடிவிலி வரை ஏற்றுக்கொள்ளும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். அதைவிடப் பக்கத்தில் உள்ள புல்லையும் சேர்த்துத் தெளிவாக எடுக்க ஒரே படத்தில் முடியாது.

மசங்கலுக்குப் பெரும்பாலும் அதிர்வே காரணம். டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், 2 விநாடி டைமர் வையுங்கள், டிரைபாடில் இருக்கும்போது கைநடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு தூரத்துக் குன்றுகள் மட்டும் நெளிந்தால் அது தரையிலிருந்து எழும் சூடான காற்று. அதற்கு எந்த செட்டிங்கும் மருந்தில்லை.

லென்ஸில் பனி படிந்துவிடுகிறது.

திறந்த வெளியில் லென்ஸின் முன்கண்ணாடி வானத்துக்கு வெப்பத்தை இழந்து, பனிப்புள்ளிக்குக் கீழே குளிர்ந்துவிடும். ஹூட் போட்டு வையுங்கள், எடுக்காதபோது மூடியால் மூடுங்கள், உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி இரண்டு இருக்கட்டும். யூஎஸ்பியில் சூடாகும் லென்ஸ் பட்டையும் கிடைக்கிறது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் மாற்று பேட்டரியை உள்பாக்கெட்டில், உடல் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

மொபைலில் எடுக்க முடியுமா?

முடியும். 3 மடங்கு, 5 மடங்கு என்று தனி டெலி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அதற்கு மேல் விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். திரையில் ஒளிரும் பகுதியை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, கொஞ்சம் கீழே இறக்குங்கள். மொபைல் தானாகவே நிழலையெல்லாம் தூக்கி வெளிச்சமாக்கிவிடும், குன்று தட்டையாகும். ரா வசதி இருந்தால் அதில் எடுப்பது இதனால்தான் நல்லது.

இப்படிப்பட்ட குன்றுகளுக்குப் பேர்போன இடங்கள் எவை?

இத்தாலியின் டஸ்கனியில் உள்ள வால் டி ஓர்ச்சா, 2004 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பலூஸ். அங்கே காற்று கொண்டுவந்து குவித்த நுண்மண்ணே குன்றுகளாகியிருக்கிறது, அதனால்தான் அவ்வளவு வழுவழுப்பு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள ஸ்டெப்டோ பியூட் குன்றின் உச்சியிலிருந்து சுற்றிலும் பார்க்கலாம். செக் குடியரசில் தெற்கு மொராவியா, கியோவ் ஊரைச் சுற்றிய வயல்கள். மூன்று இடங்களிலும் பயிர் பச்சையாக இருக்கும் வசந்த காலம் ஒரு முகம், அறுவடைக் காலம் இன்னொரு முகம். ஆனால் 5 டிகிரி சரிவுள்ள எந்த வயல்வெளியும் போதும் என்பதை மேலே உள்ள நிழல் கணக்கே சொல்லிவிடும்.

எங்கே போனாலும் பயிருக்குள் இறங்காதீர்கள். பாதையிலிருந்தே எடுங்கள், தனியார் நிலம் என்றால் கேட்டுவிட்டுப் போங்கள்.

எடிட்டிங்கில் எதைத் தொடுவது, எதை விடுவது?

ஷேடோஸ் ஸ்லைடரை ஏற்றும் பழக்கத்தை முதலில் விடுங்கள். விடியற்காலையில் எழுந்து போய்ப் பிடித்த நிழலை வீட்டில் உட்கார்ந்து அழிக்கிற வேலை அது. டீஹேஸும் அப்படித்தான், பனியையும் தூரத்து அடுக்குகளின் மங்கலையும் தின்றுவிடும். சில படங்களில் அதை மைனஸ் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள், அடுக்குகள் இன்னும் அழகாகப் பிரியும். வெயில் பட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சமும் வெதுவெதுப்பும் கூட்டினால் பெரும்பாலும் படம் முடிந்தது.

எப்போது கிளம்பலாம்?

பள்ளங்களில் நிழல் தீர்ந்ததும். தெளிந்த வானத்தில் சூரியன் 10 டிகிரியைத் தாண்டும்போது மெல்லிய குன்றுகளில் வேலை முடிந்திருக்கும். ஆனால் துண்டு துண்டாக மேகம் நகர்ந்துகொண்டிருந்தால் பையைக் கட்டாதீர்கள். ஒரு மேகத்தின் நிழல் முன் குன்றில் விழுந்து, பின் குன்றில் மட்டும் வெயில் அடிக்கும் வேளைகள் முன்பகல் வரை வரும். அந்த நேரத்தில் ஃபிரேமை மாற்றாமல், வெளிச்சம் நீங்கள் விரும்பும் சரிவுக்கு வரும்வரை காத்திருந்து எடுங்கள்.